‘12 மில்லிமீற்றர் துவக்கு’: செய்திகளில் வரும் தோட்டா எண்களை எப்படி வாசிப்பது?

சில வருடங்களுக்கு முன்னர் நான் எழுதிய ஒரு நீதிமன்றச் செய்தியில் ஒரு சொல் பிழைத்துவிட்டது. வன்னியில் ஒரு விவசாயி கைதுசெய்யப்பட்டிருந்தார். தோட்டத்துக்குள் வரும் காட்டுப்பன்றிகளைக் கலைப்பதற்காக அவர் வைத்திருந்த துவக்கின் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படவில்லை என்பதே குற்றச்சாட்டு. நான் அனுப்பிய செய்தியில் “12 மில்லிமீற்றர் துப்பாக்கியும் ஐந்து தோட்டாக்களும் கைப்பற்றப்பட்டன” என்றிருந்தது.

பிழை முழுக்க என்னுடையதுதான். நீதிமன்ற வாசலில் என் காதில் விழுந்தது ‘12 போர்’. அதை அப்படியே எழுதினால் வாசகர்கள் ‘போர்’ என்பதை யுத்தம் என்று வாசித்துவிடுவார்களே என்று நினைத்து, துப்பாக்கி என்றால் மில்லிமீற்றர்தானே என்று நானே மாற்றினேன். மறுநாள் அந்தச் செய்தியை எடுத்துப் போட்ட இன்னொரு தளம் “கனரக ஆயுதத்துடன் ஒருவர் கைது” என்று தலைப்பிட்டிருந்தது.

மூன்றாம் நாள் அந்த விவசாயியின் சட்டத்தரணி தொலைபேசியில் அழைத்தார். “தங்கச்சி, பன்னிரண்டு மில்லிமீற்றர் எண்டா என்னெண்டு தெரியுமோ? அது வாகனத்தில பூட்டி அடிக்கிற சாமான். அந்த மனிசன் வச்சிருந்தது பண்டி கலைக்கிற துவக்கு. ரெண்டு நாளா ஆர் ஆரோ வீட்டை வந்து மனுசியை விசாரிச்சிட்டுப் போகினம்” என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நாங்கள் திருத்தம் போட்டோம். மற்றத் தளத்தில் அந்தத் தலைப்பு இன்றும் இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்த காலத்தில் தலைப்பு எப்படி இடுவது, பேட்டி எப்படி எடுப்பது என்றெல்லாம் படித்தேன். கலிபர் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தரவில்லை. சத்தத்தைக் கேட்டே வருவது எறிகணையா, கிபிரா என்று சொல்லத் தெரிந்த தலைமுறை எங்களுடையது. ஆனால் அந்த ஆயுதங்களின் எண்களை வாசிக்க எங்களில் அநேகருக்குத் தெரியாது. அந்தத் தொலைபேசி அழைப்பின் பின்னர் நான் ஒரு கொப்பியில் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அந்தக் கொப்பியின் சுருக்கம். செய்தி எழுதுபவர்களுக்கும், செய்தியை வாசித்துத் தங்களுடைய ஒருவருக்கு என்ன நடந்தது என்று விளங்கிக்கொள்ள முயல்பவர்களுக்கும் இது உதவக்கூடும்.

முதலில் சொற்கள்

நாங்கள் தோட்டா, ரவை, சன்னம், கோது என்ற சொற்களை ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றாகப் பாவிக்கிறோம். ஆனால் அவை ஒன்றல்ல. சுடப்படாத ஒரு முழு ரவையில் நான்கு பகுதிகள் உண்டு. முன்னால் துருத்திக்கொண்டிருப்பது சன்னம். அதைப் பிடித்திருக்கும் உலோகக் குழல் கோது. கோதுக்குள் இருப்பது வெடிமருந்து. கோதின் அடித்தட்டில் இருக்கும் சிறிய ‘கேப்’, ஊசி அடித்ததும் தீப்பற்றி மருந்தைக் கொளுத்துகிறது. நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா அல்லது ரவை.

சுடும்போது சன்னம் மட்டுமே குழாய் வழியே வெளியே போகிறது. ரைபிளிலும் பிஸ்டலிலும் வெற்றுக் கோது சுடுபவரின் அருகே எறியப்படுகிறது. ரிவோல்வரில் அது சுழலியின் உள்ளேயே தங்கிவிடும். ஆகவே கோது கிடக்கும் இடம், சுட்டவர் எங்கே நின்றார் என்பதைச் சொல்லக்கூடும். சன்னம் கிடைக்கும் இடம், அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லும். “சம்பவ இடத்தில் 15 தோட்டாக்கள் மீட்கப்பட்டன” என்று எழுதினால், 15 தடவை சுடப்பட்டதா, சுடப்படாத 15 ரவைகள் கிடந்தனவா என்பது வாசகருக்கு விளங்காது. இரண்டும் வெவ்வேறு சம்பவங்கள்.

கலிபர் எதை அளக்கிறது?

கலிபர் என்பது துப்பாக்கிக் குழாயின் உட்துவாரத்தின் விட்டம். ரைபிள், பிஸ்டல் குழாய்களின் உட்புறம் வழுவழுப்பானது அல்ல. சன்னத்தைச் சுழலவைத்து நேராகச் செலுத்துவதற்காகத் திருகாணி போன்ற பள்ளங்கள் அதில் வெட்டப்பட்டிருக்கும். பள்ளங்களுக்கு இடையில் மேடுகள் எஞ்சும். எதிரெதிர் மேடுகளுக்கு இடையே அளந்தால் ஓர் எண் வரும். பள்ளங்களுக்கு இடையே அளந்தால் சற்றுப் பெரிய எண் வரும். இரண்டு முறைகளும் பாவனையில் உண்டு. குழப்பத்தின் முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் அலகு. பிரித்தானியாவும் அமெரிக்காவும் அங்குலத்தில் பெயர் வைத்தன. ஐரோப்பாவும் ரஷ்யாவும் மில்லிமீற்றருக்குப் போயின. 0.30 அங்குலம் என்பதுதான் 7.62 மில்லிமீற்றர். 0.50 அங்குலம் 12.7 மில்லிமீற்றர். 0.45 அங்குலம் 11.43 மில்லிமீற்றர். பழைய பிரித்தானிய லீ என்பீல்ட் ரைபிளின் 303 என்ற எண் 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீற்றர். “50 கலிபர்” என்று சனம் சொல்லும்போது அது ஐம்பது மில்லிமீற்றர் அல்ல, அரை அங்குலம்.

மூன்றாவது காரணம்தான் மிக முக்கியம். விட்டம் மட்டும் ஒரு ரவையை அடையாளப்படுத்தாது. கோது எவ்வளவு நீளம் என்பதும் தெரியவேண்டும். அதனால்தான் 7.62×39 என்று இரண்டு எண்கள் எழுதப்படுகின்றன. முதல் எண் கலிபர். இரண்டாவது எண் கோதின் நீளம், அதுவும் மில்லிமீற்றரில்.

ஒரே 7.62, நான்கு ரவைகள்

எங்கள் செய்திகளில் அதிகம் வரும் எண் 7.62. ஆனால் அந்த எண்ணுக்குள் ஒரு குடும்பமே இருக்கிறது.

7.62×39: சோவியத் யூனியனில் 1943இல் உருவாக்கப்பட்ட ரவை. ஏகே-47 இதைத்தான் சுடுகிறது. அதன் சீனப் பிரதியான ரி-56உம் இதையே சுடுகிறது. ரி-56 என்ற பெயரிலுள்ள 56 கலிபர் அல்ல. 1956ஆம் ஆண்டைக் குறிக்கிறது. “56 மில்லிமீற்றர் துப்பாக்கி” என்றும் நான் ஒரு செய்தியில் வாசித்திருக்கிறேன். அந்த அளவில் குழாய் இருந்தால் அது மோட்டார்தான்.

7.62×51: நேட்டோ நாடுகளின் ரவை. எஸ்.எல்.ஆர். ரைபிளும் ஜி.பி.எம்.ஜி. இயந்திரத் துப்பாக்கியும் சுடுவது இதை. எண்பதுகளில் இலங்கை இராணுவத்திடமும், 1987 முதல் 1990 வரை இங்கிருந்த இந்திய அமைதிப்படையிடமும் எஸ்.எல்.ஆர். இருந்தது.

7.62×54 ஆர்: 1891ஆம் ஆண்டு ரஷ்ய ரைபிளுக்காகப் பிறந்து இன்றும் பாவனையில் இருப்பது. கோதின் அடியில் விளிம்பு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பி.கே. இயந்திரத் துப்பாக்கியும் டிரகுனோவ் ஸ்னைப்பரும் இதைச் சுடுகின்றன.

7.62×25: டொக்கரேவ் பிஸ்டலின் சிறிய ரவை.

இந்த நான்கில் ஒன்றை மற்றதற்கான துப்பாக்கியில் பாவிக்க முடியாது. எனவே “7.62 ரகத் துப்பாக்கி” என்று மட்டும் எழுதுவது, “நான்கு சில்லு வாகனம்” என்று எழுதுவதைப் போன்றது. காரா, பஸ்ஸா, லொறியா என்று தெரியாது.

அகலம் ஒன்று, பலம் வேறு

கலிபர் பெரிதாக இருந்தால் துப்பாக்கியும் பலமானது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு ரவைகளை எடுத்துப் பார்த்தால் இது பிழை என்பது விளங்கும். இலக்குப் பயிற்சிக்குப் பாவிக்கும் 0.22 ரைபிளின் சன்னமும், எம்-16 ரைபிளின் 5.56×45 சன்னமும் ஏறக்குறைய ஒரே அகலம், இரண்டுமே 5.7 மில்லிமீற்றருக்குக் கிட்ட. ஆனால் 0.22 சன்னம் சுமார் 2.6 கிராம், செக்கனுக்கு 350 மீற்றர் அளவில் போகிறது. 5.56 சன்னம் 4 கிராம், செக்கனுக்கு 900 மீற்றருக்கு மேல் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பாடசாலை விஞ்ஞானம். அப்படிக் கணக்குப் பார்த்தால் இரண்டாவதன் ஆற்றல் முதலாவதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு.

ஏகே சன்னம் அகலமானது, 8 கிராம் எடை. ஆனால் வேகம் செக்கனுக்கு 715 மீற்றர் அளவுதான். 9 மில்லிமீற்றர் பிஸ்டல் சன்னம் இவை எல்லாவற்றையும் விட அகலம். ஆற்றலோ ஏகேயின் கால்வாசி. பெரிய எண்ணைப் பார்த்துப் பெரிய ஆயுதம் என்று தலைப்பிடுவது இதனால்தான் ஆபத்து.

பிஸ்டலும் ரிவோல்வரும்

“9 மில்லிமீற்றர்” என்று பொதுவாகச் சொன்னால் அது 9×19. ஒஸ்திரியரான ஜோர்ஜ் லூகர் வடிவமைத்து, 1902இல் அறிமுகமானது. இன்று உலகின் அநேக பொலிஸாரும் இராணுவங்களும் பாவிப்பது. ஆனால் மக்கரோவ் பிஸ்டலின் 9×18 வேறு. அதன் சன்னம் 9.27 மில்லிமீற்றர் அகலம். 0.380 என்று அழைக்கப்படுவது 9×17. மூன்றையும் பார்த்தவர் ‘9 மில்லிமீற்றர்’ என்று சொல்லலாம். ஆய்வுகூடம் அப்படிச் சொல்லாது.

ரிவோல்வர் உலகில் பெயர்களே பொய் சொல்லும். 0.38 ஸ்பெஷலின் சன்னம் உண்மையில் 0.357 அங்குலம். பழைய காலத் தோட்டாக்களில் சன்னமும் கோதும் ஒரே அகலமாக இருந்தன. அந்த அளவிலிருந்து வந்த 38 என்ற பெயர், சன்னம் மெலிந்த பின்னரும் ஒட்டிக்கொண்டது. 1935இல் வந்த 0.357 மக்னத்தின் சன்னமும் அதே அகலம்தான். கோது மட்டும் மூன்று மில்லிமீற்றர் அளவில் நீளம். ஆகவே சன்னத்தை மாத்திரம் கையில் வைத்துக்கொண்டு இது 38தான், 357தான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

என் பிழை நடந்த இடம்: ‘போர்’

சொட்கன்களுக்கு மில்லிமீற்றரும் இல்லை, அங்குலமும் இல்லை. பழைய பிரித்தானியக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு இறாத்தல் ஈயத்தை எடுத்து, குழாயின் துவாரத்துக்குச் சரியாகப் பொருந்தும் சம உருண்டைகளாக உருட்டினால் எத்தனை உருண்டைகள் வரும்? பன்னிரண்டு வந்தால் அது 12 போர். இருபது வந்தால் 20 போர். உருண்டை அதிகமானால் ஒவ்வொன்றும் சிறிதாகும். எனவே எண் கூடக் கூடத் துவாரம் சுருங்கும். 12 போரின் துவாரம் 18.5 மில்லிமீற்றர், 16 போர் 16.8 மில்லிமீற்றர், 20 போர் 15.6 மில்லிமீற்றர். இதற்கு ஒரே விதிவிலக்காக அடிக்கடி காண்பது 410. அது உருண்டைக் கணக்கு அல்ல; 0.410 அங்குலம்.

சொட்கன் தோட்டாவுக்குள் பெரும்பாலும் ஒரு சன்னம் இருப்பதில்லை. பல குண்டுமணிகள் இருக்கும். எஸ்.ஜி. என்று எங்கள் ஊர்களில் சொல்லும் பெரிய மணிகள் பிரித்தானிய அளவுமுறையில் ஒரு அவுன்சுக்கு எட்டு. பறவைக்குப் பாவிக்கும் மணிகள் கடுகு போலச் சிறியவை. ஒரே 12 போரில் இரண்டையும் போடலாம். குழாயின் உட்புறம் வழுவழுப்பாக இருப்பதால் இந்த மணிகளில் திருகு அடையாளம் பதியாது. இதனால் சொட்கன் வழக்குகளில் மணியை வைத்து எந்தத் துப்பாக்கி என்று காட்டுவது கடினம். கோதின் அடித்தட்டில் ஊசி பதித்த அடையாளத்தைத்தான் தேடுவார்கள்.

இதற்கும் அப்பால் இருப்பவை கலிபரே இல்லாத துவக்குகள். வாய் வழியாக மருந்தையும் மணியையும் போட்டு இடிக்கும் இடியன் துவக்கு, பன்றி வரும் பாதையில் கம்பி கட்டி வைக்கும் கட்டுத்துவக்கு, தென்பகுதிச் செய்திகளில் ‘கல்கட்டாஸ்’ என்று வரும் உள்ளூர்த் தயாரிப்பு ஆகியவற்றுக்குத் தொழிற்சாலை அளவு என்று ஒன்று கிடையாது. கட்டுத்துவக்கு மிருகத்தையும் மனிதரையும் பிரித்தறியாது. விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குப் போனவர்களின் கால்களை அது எடுத்திருக்கிறது. இவற்றுக்கு ஒரு எண் சூட்டுவதைவிட ‘உள்ளூர்த் தயாரிப்பு’ என்று எழுதுவதே சரி.

பெரிய எண்கள்

சட்டத்தரணி சொன்ன ‘வாகனத்தில பூட்டி அடிக்கிற சாமான்’ 12.7 மில்லிமீற்றர். சனங்கள் ‘பிப்ரி கலிபர்’ என்று சொன்னது அதைத்தான். அதன் ஒரு ரவையின் ஆற்றல் ஏகே ரவையைப் போல எட்டு மடங்கு. இந்த அளவுக்கு மேலே போனால் சன்னம் என்ற சொல் பொருந்தாது, அவை எறிகணைகள். 60, 81, 120 மில்லிமீற்றர் என்றால் பெரும்பாலும் மோட்டார். 122, 130, 152 மில்லிமீற்றர் என்றால் ஆட்லறி. 122 மில்லிமீற்றர் பல்குழல் ரொக்கட்டுக்கும் உரிய அளவு. உக்ரேன் போர்ச் செய்திகளில் “155 மில்லிமீற்றர், 52 கலிபர்” என்று வரும்போது இரண்டாவது எண் குழாயின் நீளத்தைச் சொல்கிறது: 155ஐ 52ஆல் பெருக்கினால் சுமார் 8 மீற்றர்.

மூதூர்: ஒரு சன்னத்தின் கதை

இந்த எண்கள் எல்லாம் ஆயுதப் பிரியர்களுக்குரிய விடயம் என்று நினைப்பவர்களுக்கு மூதூரை நினைவூட்ட வேண்டும். 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி, பிரான்ஸைச் சேர்ந்த பட்டினிக்கு எதிரான அமைப்பின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் அவர்களது மூதூர் அலுவலக வளவுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அரச படைகள் மீது பொறுப்பைச் சுமத்தியது. அரசாங்கம் அதை மறுத்தது.

சடலங்கள் தோண்டியெடுக்கப்பட்டு அந்த வருடம் ஒக்டோபரில் மீண்டும் பிரேத பரிசோதனை நடந்தபோது, அவுஸ்திரேலியத் தடயவியல் நோயியல் நிபுணர் மல்கம் டொட் அவதானியாக இருந்தார். கிடைத்த சன்னங்களில் ஒன்று 5.56 என்று அவர் தன் அறிக்கையில் குறிப்பிட்டார். அரச இரசாயனப் பகுப்பாய்வாளரோ 7.62 என்றார். 2007இல் சர்வதேச சட்ட வல்லுநர்கள் ஆணைக்குழு, சான்று மாற்றப்பட்டதா என்ற கேள்வியைப் பகிரங்கமாக எழுப்பியது. ரி-56 எல்லாத் தரப்பிடமும் இருந்தது, 5.56 துப்பாக்கி வைத்திருந்தவர்களின் வட்டம் சிறியது. அதனால்தான் இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசத்துக்கு அவ்வளவு கனம் வந்தது. பின்னர் டொட் தனது கருத்தை மாற்றிக்கொண்டு, அது 7.62 சன்னத்தின் பகுதியே என்று ஏற்றுக்கொண்டார். அதன் பிறகும் அந்தச் சன்னம் பற்றிய விவாதம் முழுதாக அடங்கவில்லை.

இங்கே தொழில்நுட்பத்தில் ஒரு விடயம் இருக்கிறது. 7.62×39 சன்னத்தின் வழமையான இராணுவ வகையில், வெளியே உலோக உறையும் உள்ளே எஃகுக் கருவும் இருக்கும். உறை கிழிந்து கழன்றால் எஞ்சும் கருவின் விட்டம் 6 மில்லிமீற்றரை விடச் சற்றுக் குறைவு. கண்ணால் பார்க்கும்போது அது ஒரு 5.56 சன்னம் போலத் தோன்றக்கூடும். திருகு அடையாளங்கள் பதிவது உறையில்தான். உறை போனால் அவையும் போய்விடும். சிதைந்த ஒரு துண்டைப் பார்த்து, எடை போடாமல், உலோகத்தைச் சோதிக்காமல் கலிபர் சொல்வது நிபுணரையும் வழுக்கச் செய்யும்.

மூதூர் எனக்குக் கற்பித்தது இரண்டு. ஒன்று, சான்றுகளை யார் கையளித்தார், யார் பெற்றார், எங்கே வைத்திருந்தார் என்ற சங்கிலி அறுந்தால், சரியான அளவீட்டையும் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு, வழக்கு முழுவதும் ஒரு சன்னத்தில் தொங்கும்படி விட்டால், அந்தச் சன்னம் விழும்போது மற்றச் சான்றுகளும் விழுந்தது போலக் காட்டப்படும். 17 பேரின் கொலைக்காக இன்றுவரை எவரும் குற்றவாளியாகத் தீர்க்கப்படவில்லை.

எண் சொல்லாதவை

ஒரு கோது எந்த ரவை என்பதை அளந்து சொல்லலாம். இராணுவ ரவையாக இருந்தால் அதன் அடித்தட்டில் பெரும்பாலும் தொழிற்சாலைக் குறியீடும் உற்பத்தி ஆண்டும் பதிந்திருக்கும். சன்னத்தில் பதிந்த திருகுகளை எண்ணலாம்: ஏகே குழாயில் நான்கு பள்ளங்கள், எம்-16இல் ஆறு. ஏகே வலப்பக்கம் திருகும். பழைய 303 இடப்பக்கம் திருகும். ஒரு குறிப்பிட்ட துப்பாக்கி கையில் இருந்தால், அதைச் சோதனைக்காகச் சுட்டு இரண்டு சன்னங்களையும் ஒப்பீட்டு நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கலாம்.

இவற்றில் எதுவும் விசையை இழுத்த விரல் யாருடையது என்று சொல்லாது. இந்த நாட்டில் ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டன, கைமாறின, புதைக்கப்பட்டன, தோண்டி எடுக்கப்பட்டன. ரி-56 ரவை என்பதால் இன்ன தரப்பு என்று எழுதுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இப்போது ஒரு துப்பாக்கிச் சம்பவம் பற்றி எழுதும் முன் நான் கேட்கும் கேள்விகள் இவை. மீட்கப்பட்டது ரவையா, வெற்றுக் கோதா, சன்னமா? கலிபரைச் சொன்னது யார்: ஆய்வுகூட அறிக்கையா, சட்ட வைத்திய அதிகாரியா, பொலிஸ் ஊடகப் பிரிவா? காயத்தின் அளவைப் பார்த்தா சொன்னார்கள்? அப்படியென்றால் நான் எழுதமாட்டேன். தோல் இழுபடும், சுருங்கும், காயத்தின் அகலம் சன்னத்தின் அகலம் அல்ல. அலகு என்ன: மில்லிமீற்றரா, அங்குலமா, போரா? பதில் கிடைக்காவிட்டால் ‘துப்பாக்கி’ என்று மட்டும் எழுதுகிறேன். அது குறைவான தகவல், ஆனால் பிழையான தகவல் அல்ல.

காணி துப்புரவாக்கும்போதோ கிணறு இறைக்கும்போதோ ரவை கண்டால் அளந்து பார்க்க வேண்டாம், கழுவ வேண்டாம், பிள்ளைகளிடம் காட்ட வேண்டாம். இடத்தை அடையாளப்படுத்திவிட்டு பொலிஸுக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள். மண்ணில் எத்தனை வருடம் கிடந்தாலும் மருந்து உயிரோடு இருக்கக்கூடும்.

அந்த விவசாயியின் வழக்கு பின்னர் தண்டப்பணத்தோடு முடிந்தது. அந்தச் செய்தியை நானே போய் எழுதினேன். “அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படாத 12 போர் சொட்கன்” என்று எழுதி, ‘போர்’ என்பது குழாயின் அளவைக் குறிக்கும் சொல் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி சேர்த்தேன். ஆசிரியர் அந்த வரி தேவையா என்று கேட்டார். தேவை என்றேன்.